கடல் கோயிலுக்குக் கொண்டுபோன தேங்காய்

எங்கள் வீட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பிள்ளைகள் நீங்கள் எத்தனையோ தரம் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் நீலக் கடல், முன்னால் உங்கள் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் நான். நான் சிரிக்கவில்லை. ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணை, கிரீஸுக்குப் போயும் பையை விடேல்லையோ? கள்ளருக்குப் பயமோ?" என்று பகிடி விடுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் இருந்தது ஒரு தேங்காய். சில்க்போர்க் தமிழ்க்கடையில் காதோடு வைத்துக் குலுக்கி, தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று பார்த்து நானே வாங்கிய முழுத் தேங்காய். ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி அடித்து உடைப்பதற்காக அதை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனேன்.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தந்த பரிசுதான் அந்தப் பயணம். இந்த டென்மார்க்கில் அறுபது என்றால் பெரிய கொண்டாட்டம். சாப்பாட்டு மேசையில் இருந்து நீங்கள் டேனிஷில் கதைத்து முடிவெடுத்தீர்கள். பிறகு மகள் தமிழில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் கப்பல்ல போகேக்க பாத்த அந்தத் தூண் கோயில். உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் ஒரு கார், ஒரு ட்ரைவர், முழுநாளும். பஸ்ஸில கூட்டத்தோட இடிபடத் தேவையில்லை." நான் அந்தத் தூண்களைப் பற்றி அடிக்கடி சொன்னது உண்மை. அதை நீங்கள் ஆசை என்று எடுத்துக்கொண்டீர்கள். நல்ல பிள்ளைகள். அது ஆசை இல்லை என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில், பெரியம்மாவின் மகன், உங்களுக்குப் பெரியப்பா முறையான என் அண்ணை, தான் வேலை செய்த கிரேக்கச் சரக்குக் கப்பலில் என்னையும் சேர்த்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் கிரேக்கக் கப்பலில் இருந்தார்கள். தளத்தில் வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் போசன். கயிறு, சங்கிலி, பெயின்ற், துருச் சுரண்டுவது எல்லாம் அவருடைய ஆட்சி. பெருத்த மனிதர், தொண்டையும் அதே அளவு. நாங்கள் ஏதென்ஸ் பக்கத்தில் ஒரு கடல்முனையைக் கடக்கும்போதெல்லாம் போசன் தொப்பியைக் கழற்றுவார். குன்றின் மேலே தூண்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். பழைய கடல் கடவுளின் கோயில் என்பார். "அதுக்குக் கீழதான் என்ர அம்மாவின்ர வீடு. வயசு போனாப் பிறகு அங்கை இருந்து, போற வாற கப்பலைப் பாத்துக்கொண்டு இருப்பன்," என்று கப்பல் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் மனிதமுகமாக இருக்கும்.

அண்ணை முருக பக்தர். கப்பலிலும் கந்தசஷ்டி விரதம் விடமாட்டார். அந்த ஆறு நாளும் பாலும் பழமும்தான்; கடைசி நாள் தண்ணீரும் இல்லை. போசன் அண்ணையின் வெறும் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "உன்ர கடவுள் சமையல்காரனோடை கோவமோ?" என்று கேட்டுச் சிரிப்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். அண்ணையும் சிரிப்பார். கடைசி விரத நாளன்று கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் போனது. கரையோடு கட்டுகிற கயிறு, என் தொடையளவு மொத்தம், உள்ளே உக்கிப்போயிருந்தது. முதல் நாளே அண்ணை அதைப் பிரித்துப் போசனுக்குக் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன். ஸ்டோருக்குள் புதுக்கயிறு இருந்தது. அதைப் பழுதாக்காமல் வைத்திருந்தால் கம்பெனி ஆட்கள் பார்க்க வரும்போது போசனுக்கு நல்ல பெயர். "இதையே போடு," என்றார். இழுவை இறுகும்போது கயிறு அறுந்து பாம்பு மாதிரித் திரும்பி வந்தது. அண்ணையின் வலது கை முழங்கையோடு போய்விட்டது.

கப்டனிடம் போசன் சொன்னது ஒரே ஒரு சொல். வெறி. குடித்துவிட்டு நின்றான், தள்ளாடினான், கயிற்றுக்குக் குறுக்கே போனான். அண்ணை பட்டினியில் தள்ளாடினது உண்மைதான். ஏன் தள்ளாடினார் என்று அந்தக் கப்பலில் போசனைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. நான் கப்டனிடம் ஓடினேன். இழு, விடு, ஓம் என்ற சொற்களைத் தவிர எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆங்கிலமும் அப்போது பேச வராது. கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினேன். கப்டன் என்னையும் வெறி என்று நினைத்திருக்கவேண்டும், சிரித்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கப்பலில் இருந்தார். அவர் போசனுக்குப் பயந்து, ஓம், குடிச்சவர்தான் என்று தலையாட்டினார். தலையாட்டியவர் அதோடு விட்டாரா? லீவில் ஊருக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னார்.

வாழ்க்கையில் ஒரு துளி தொடாத மனிதர் ஒற்றைக் கையோடு ஊருக்குப் போய், குடிச்சுக் கையை விட்டவர் என்ற பெயரோடு வாழ்ந்தார். பேசி வைத்த கலியாணம் குழம்பியது. கோயிலுக்குப் போனால், "இப்ப திருந்தீட்டார்" என்று சொன்னார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உங்கள் அம்மாவை எனக்குப் பேசும்போதுகூட அம்மாவின் அப்பா, "குடிகாரன்ர தம்பிக்கோ?" என்று ஒரு வருடம் இழுத்தடித்தார். நான் இங்கே வந்து தொழிற்சாலையில் நிற்கும்போது அண்ணை காய்ச்சலில் செத்துப்போனார். அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு கலியாண வீட்டில் உங்களுக்கு முன்னாலேயே ஒருவர், "ஓ, அந்தக் குடிச்சுக் கை போனவரோ?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? அவர்தான் அன்றைக்குத் தலையாட்டியவர். காரில் வரும்போது மகன் டேனிஷில் கேட்டான், பெரியப்பா குடிகாரரா என்று. நான் இல்லை என்றேன். அவன் மேலே கேட்கவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று நினைத்திருப்பான். அன்றைக்கு என் வயிறு எரிந்தது இன்னும் ஆறவில்லை.

அண்ணையை இறக்கிவிட்ட பிறகு நான் ஏன் அதே கப்பலில் இரண்டு வருடம் இருந்தேன் என்று உங்கள் அம்மா ஒருமுறை கேட்டார். சொல் சேர்த்தேன். போசன் கத்துகிற ஒவ்வொரு சொல்லையும் பிடித்து வைத்தேன். கயிறு, உக்கினது, குடிச்சவன், பொய்க்காரன். இங்கே தொழிற்சாலையில் பெல்ற்றில் பெட்டி வர வர, அந்தச் சொற்களை வசனமாக அடுக்கி வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்ற டேனிஷ்காரி நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து, "உன் கடவுள் உதவி செய்கிறாரா?" என்று கேட்பாள். பொறு, செய்வார் என்பேன்.

போக்கிடம் இல்லாதவன் கோயில் வாசலில் தேங்காய் அடித்து, அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி முறையிடுவதை ஊரில் கண்டிருக்கிறேன். போசனைப் பற்றிய முறைப்பாட்டை முருகனிடம் வைத்து என்ன பயன்? போசன் தொப்பி கழற்றுகிற சாமியிடமல்லவா வைக்கவேண்டும். இதுதான் என் கணக்கு. அம்மாவிடம், பயணம் நல்லபடி முடிய ஒரு தேங்காய் என்று சொல்லி வைத்தேன்.

ஏதென்ஸிலிருந்து கார் கடலோரமாகவே போனது. ட்ரைவர் நல்ல பெடியன், வழிநெடுகப் பழைய ராசாக்களின் கதை சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன்; கல் சுட்டது. வெறுங்காலோடு உள்ளே போகப் பார்த்தால், சுற்றிவரக் கயிறு கட்டியிருக்கிறது. புதுக்கயிறு. கயிற்றுக்கு மேலால் காலைத் தூக்கினேன், காவல்காரி விசில் அடித்தாள். பையிலிருந்து தேங்காயை எடுத்தேன், இன்னொரு விசில். ஓடி வந்து கையை ஆட்டினாள். "இஞ்சை ஒண்டும் உடைக்கக்கூடாதாம், சேர்," என்கிற மாதிரி ட்ரைவர் ஆங்கிலத்தில் சொன்னான். "எல்லாம் உடைஞ்சுதானே கிடக்கு," என்றார் அம்மா தமிழில். நான் தேங்காயைத் திரும்பப் பைக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் ட்ரைவர் எடுத்ததுதான் சோபாவுக்கு மேலே இருக்கிற படம்.

கீழே இறங்கியதும் ட்ரைவரிடம் சொன்னேன், இங்கே ஒரு பழைய போசனின் வீடு இருக்கவேண்டும், கேட்டுப் பார் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முதல் கேட்ட கடையிலேயே கையைக் காட்டினார்கள். பேத்தி நடத்துகிற சாப்பாட்டுக் கடையில், கடலைப் பார்த்தபடி, சொன்ன சொல் தவறாமல் இருந்தார் போசன். எண்பது வயது இருக்கும். தோல் தொங்கியிருந்தது, தொண்டை அப்படியே இருந்தது. சுவரில் எங்கள் கப்பலின் படம். தாத்தாவோடு கப்பலில் இருந்தவன் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பேத்தி ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். தாத்தா தன் ஆட்களைப் பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தாராமே என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு, அவருடைய தோளில் கையைப் போட்டபடி நின்றாள். போசன் என்னை அடையாளம் காணாமலே சிரித்தார்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "தோ ஸ்கினி இதான் சாப்பியோ." கயிறு உக்கிப்போயிருந்தது. என் அண்ணை குடிக்கவில்லை. நீ பொய்க்காரன். அவர் கத்திக் கத்திப் பழக்கிய அதே சொற்கள், அதே சத்தத்தில். ட்ரைவர் என் கையைப் பிடித்தான். "சேர், வயசுபோன மனுசன். இது தேவையோ?" என்றான். "தேவை," என்றேன். பேத்தி வேகமாக ஏதோ கேட்டாள். போசன் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். அவர் என்ன சொன்னார் என்று ட்ரைவரை விடாமல் கேட்டேன். அவன் மெல்லச் சொன்னான்: "அந்தச் சாப்பிடாதவன் எண்டு சொல்லுறார். தன்ர கடவுளுக்காகச் சாப்பிடாமல் இருந்தவன்."

பாருங்கள் பிள்ளைகள், மறக்கவில்லை. தெரிந்தே செய்தது. பேத்தி இன்னொன்று கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. அப்ப அவர் குடிக்கவில்லையா என்று கேட்டாள். போசன் இல்லை என்றார். அவள் தாத்தாவின் தோளில் இருந்த கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாதவள் போல ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கை எடுபடுவதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு காலமும் சொல் சேர்த்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஐயோ பாவம் என்று நினைத்தேனா? இல்லை. நான் உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன்.

போசன் தானே எழும்பினார். தடியை ஊன்றிப் போய், ஒரு போத்தலும் இரண்டு சின்னக் கிளாஸும் கொண்டுவந்து ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். அது கப்பல் சட்டம். இரண்டு பேர் சண்டை பிடித்தால் போசன் இப்படித்தான் ஊற்றி வைப்பார். இருவரும் குடித்தால் விசயம் முடிந்தது, பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் ஜூலஃபுறொகொஸ்ட் என்கிற கிறிஸ்மஸ் விருந்தில் இரண்டு பியர் குடிக்கிறவன்தான், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கிளாஸை எடுத்தேன். எங்கள் அண்ணையின் பெயரைக் கெடுத்த சாமான் அது. போசன் பார்க்கப் பார்க்க அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அது மேசையில் ஓடி அவருடைய மடியில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"வாங்கோப்பா, போவம்," என்று அம்மா எழும்பினார். வாசலுக்கு வந்ததும் சொன்னார், "என்ர அப்பா இருந்து இதைப் பாத்திருக்கோணும்."

கோயில் குன்றுக்கு அடியில், காவல்காரி இல்லாத பாறைக் கரையில் காரை நிறுத்தச் சொன்னேன். அண்ணைக்குப் போன மாதிரி போசனுக்கும் கை போகவேண்டும் என்றுதான் அதுவரை சாபத்தை மனதில் வைத்திருந்தேன். ஆனால் எண்பது வயதில் கை போய் என்ன, இருந்து என்ன? தூண்களைப் பார்த்து அவனுடைய பெயரைச் சொன்னேன். இனிச் சாகும்வரைக்கும் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க அவனுக்குக் கிடைக்கக்கூடாது, எந்தக் கப்பலைப் பார்த்தாலும் ஒற்றைக் கை ஆள் ஒருவர் அதில் நிற்கவேண்டும் என்று சொல்லி, ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே பூ மாதிரி வெள்ளை. பழக்கத்தில் பாதியைக் குனிந்து எடுக்கப் போனேன். அம்மா என் கையில் தட்டினார். "பேரைச் சொல்லியோ அடிச்சனீங்கள்?" "ஓம்." "அப்ப அதைத் தொடாதேங்கோ. சம்பலுக்கு வீட்டை வேற இருக்கு." இரண்டு பாதியையும் தன் சப்பாத்துக் காலால் கடலுக்குள் தள்ளிவிட்டார்.

நேற்றும் அந்தப் படத்தின் தூசியைத் துடைத்தேன். படத்தில் பை இன்னும் பாரமாக, முழுதாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கிறவன் இன்னும் பற்களைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறான். நான் அவனைப் பார்த்து, சரியடா, முடிந்தது என்று சொல்லப் பார்க்கிறேன். முழுதாக முடியவில்லை. அல்பர்ட்ஸ்லுண்டில் அந்தத் தலையாட்டி மனிதர் சுகமாக இருக்கிறார். கோடையில் எங்கள் வீட்டுக்கு வரப்போவதாகப் போன் எடுத்தவர். வந்தால் இந்தச் சோபாவில்தான் இருப்பார், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பகிடி விடுவார். விடட்டும். அப்போது நான் வாய் திறக்கமாட்டேன். பிள்ளைகள் நீங்கள் சொல்லவேண்டும், எந்த மொழியில் என்றாலும் சரி: எங்கள் பெரியப்பா குடிக்கவில்லை, அந்தப் பைக்குள் இருந்தது பொய் சொன்னவன் பேரைச் சொல்லி அடிக்கக் கொண்டுபோன தேங்காய், தமிழ்க்கடையில் அதை இன்னும் விற்கிறார்கள் என்று.