கிகுயே அக்காவின் தொட்டி

கிகுயே அக்காவுக்குப் பயம் வந்தால் வாய் மூடாது. அன்று காலை சதுப்புக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மடியில் மூடி போட்ட தொட்டி. வண்டியை நான் ஓட்டினேன்.

உதோன் நூடுல்ஸ் கடையில் நாள் முழுக்கக் காலால் மாவு மிதித்துப் பிசைபவள். வீட்டில் அவளும் அந்தத் தொட்டியும்தான். சதுப்பைக் காக்கிற எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு வீடு முஜினாமோ வளர்க்கிறோம். வேரில்லாமல் மிதந்து, சிப்பி மாதிரி இலைகளால் பூச்சி பிடித்துத் தின்னும் செடி. வருஷம் ஒருமுறை சதுப்பில் விடுவோம்; அன்றுதான் அந்த நாள். இந்தக் கோடையில் எல்லார் தொட்டியிலும் செடி அழுகிப்போய், அவளுடையது மட்டும் தப்பியது.

"செடிக்குப் பசிக்குமேன்னு பக்கத்து வீட்டு மீன் தொட்டியிலேர்ந்து நீர்த்தெள்ளுப் பூச்சியை அள்ளிப் போட்டேன்டி," என்றாள் திடீரென்று.

எனக்குப் பகீரென்றது. "அறிவிருக்கா அக்கா? வெளித்தண்ணி ஒரு சொட்டு கூடாதுன்னு தலையில அடிச்சுச் சொன்னாங்களே!"

மீன் தொட்டிகளில் மயிரிழை போல ஒரு வெளிநாட்டுச் செடி வளரும். அதுவும் பூச்சி தின்னிதான். சதுப்பில் இறங்கினால் எங்கள் செடிக்கு இடமே விடாது.

சதுப்போரச் சங்கக் கூடத்தில் தலைவர் ஒகிவாரா தொட்டியில் மேலாக மிதந்த ஒரு கொத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"சுத்தமா இருக்கு! ஒரு தெள்ளைக் கவ்விப் பிடிச்சிருக்கு, வந்து பாருங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். வாயைத் திறக்காதே என்று நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

அவள் கரண்டியால் அடித்தண்ணீரை அள்ளி நீட்டினாள். "இதையும் பாருங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஒகிவாரா பார்த்துவிட்டு நகர்ந்தார். நானும் பார்த்தேன். மயிரிழை போல மெல்லிய தண்டு, அதில் கண்ணாடி போன்ற குட்டிக் குட்டிப் பைகள். ஒரு பைக்குள் தெள்ளு கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"நம்ம செடியை மட்டும் பொறுக்கிக் கழுவி விட்டுடலாமே," என்றார் ஒகிவாரா. குரல் கெஞ்சியது. "வேற யார்கிட்டயும் இல்லையேம்மா."

"ஒரு துண்டு ஒட்டிக்கிட்டுப் போனாலும் சதுப்பே போச்சு. வெந்நீர் கொண்டாங்க," என்றாள் அக்கா.

ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. யாரையும் கிட்ட விடாமல் வெந்நீர்க் கெண்டியை அவளே தொட்டிக்குள் சாய்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"சுடும்," என்றாள் தொட்டிக்குள் குனிந்து. "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு."