சித்தப்பா பறந்த சனிக்கிழமை

சித்தப்பாவை வண்ணத்துப்பூச்சி என்று நான் மொழிபெயர்த்தபோது எனக்கு எட்டு வயது. ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன ஒன்றைத் தமிழில் சொன்னால் ஏன் அந்தச் சிரிப்பு கூடவே வருவதில்லை என்ற யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது அன்றைக்குத்தான், லண்டன் நோர்பரியில், எங்கள் வீட்டு வாசலில்.

ஒவ்வொரு சனியும் சித்தப்பா கோட் சூட்டோடு கொண்டாட்டங்களுக்குப் புறப்படுவதைப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி பார்த்துக்கொண்டிருப்பார். அன்று வேலிக்கு மேலால் எட்டி, "சோஷியல் பட்டர்ஃபிளை!" என்று கைகாட்டினார்.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"நீங்கள் ஒரு வண்ணத்துப்பூச்சியாம்."

அவர் குனிந்து பார்த்தார். "இந்த வயித்தோடையோ?"

"ஊர் சுத்துறீர் எண்டு மரியாதையாச் சொல்லுறா," என்றார் உள்ளேயிருந்து அம்மா. "மனிசிக்குக் கண் நல்லாத்தான் தெரியுது."

விருந்துக்கு விருந்து போய், ஆளுக்கொரு வார்த்தை பேசி, எங்கும் நிலைத்து நில்லாதவருக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். அது புகழ்ச்சியா, ஏச்சா? நேரில் பார்த்தே தீர்ப்புச் சொல்வதென்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். தவிர, அன்று நோர்பரியிலேயே ஒரு பெரிய கல்யாணம். அங்கே ஐஸ்கிரீம் உண்டு என்று உறுதியான தகவல் இருந்தது.

ஆனால் கார் முதலில் லூயிஷாமுக்குப் போனது. சித்தப்பா மரக்கறி வாங்கும் கடையில் கல்லாவில் நிற்கும் அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. அந்த அக்கா லண்டனுக்கு வந்து அதிக காலமில்லை, சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லை. கடைக்கு வருகிறவர்களையே அழைத்திருந்தார்.

மண்டபம் நிறைய வெறும் கதிரைகள். உட்கார்ந்திருந்தவர்களை வீடியோக்காரர் ஒரே மூச்சில் எடுத்து முடித்து, மறுபடியும் அவர்களையே எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய நகைகளோடு மேடையில் இருந்த பிள்ளை யாராவது கதவைத் திறந்தால் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்தாள். ஆலாத்தித் தட்டுகள் பழமும் பலகாரமும் பூவுமாக வரிசையில் இருந்தன. இரண்டிரண்டு பெண்களாக வந்து தூக்கிப் பிள்ளைக்கு முன்னால் சுற்ற வேண்டும். தூக்கத்தான் ஆளில்லை.

"ட்ராஃபிக் போலை, அண்ணை," என்றார் அக்கா. முகம் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை.

"ஓம், ஓம். சரியான ட்ராஃபிக். கொஞ்சம் பொறுங்கோ, தங்கச்சி, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நோர்பரிக் கல்யாண மண்டபத்தில் அவர் நிஜமாகவே பறந்தார். ஒரு மேசையில் குனிந்து காதுக்குள் ஏதோ சொல்வார், அடுத்த மேசைக்குப் போவார். நான் ஐஸ்கிரீம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"டேய், இன்னும் சாப்பாடே போடேல்லை!" என்றார் ஒரு மாமா.

"அங்கை சுடச்சுடக் கிடக்குது, சாப்பிடத்தான் ஆக்களில்லை. வந்து தலையைக் காட்டுங்கோ. கேக் வெட்டுறதுக்கிடையிலை திரும்பி வந்திடலாம்."

"ஆற்றை பிள்ளை?" என்றார் பட்டுச்சேலை கட்டிய ஒரு மாமி.

"எங்கடை பிள்ளைதான்."

"பேர் என்ன?"

சித்தப்பாவுக்குத் தெரியாது. "பிள்ளை எண்டே கூப்பிடுங்கோ, அக்கா. திரும்பிப் பார்ப்பாள்."

மாமி சிரித்துவிட்டார். சிரித்தபிறகு வராமல் இருக்க முடியுமா? பட்டுச்சேலைகளை அள்ளிப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஏற, சித்தப்பாவின் காருக்குப் பின்னால் கார்கள் வரிசையாகப் புறப்பட்டன. ஒரு மாமியின் மடியில் நான், ஐஸ்கிரீம் இல்லாமல்.

லூயிஷாமில் கதவு திறந்தது. பிள்ளை நிமிர்ந்தாள். பிறகு குனியவேயில்லை. முன்பின் தெரியாத பெண்கள் தட்டுகளைத் தூக்கி, "கொஞ்சம் சிரியும், பிள்ளை!" என்று அதட்டி, சுற்றி, மேடையில் படத்துக்கும் நின்றார்கள். சித்தப்பாவின் தொலைபேசி விடாமல் அடித்தது. எடுத்தவர் காதைவிட்டுத் தூரத்தில் பிடித்தார். கல்யாண வீட்டுக்காரர்: "மனிசரைக் கடத்திக்கொண்டு போட்டாயோ?"

சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா எங்களிடம் வந்தார். "அண்ணை, இவ்வளவு பேரும் எங்கடை கடைக்கு வாறவையோ?"

"ஓமோம். ட்ராஃபிக்கிலை நிண்டவை."

"இல்லை, இவை கல்யாண..." என்று நான் தொடங்கினேன். சித்தப்பா என் வாயில் முழு வடையொன்றை வைத்தார். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "சரி, அண்ணை," என்று மட்டும் சொல்லி, எங்கள் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

உண்மையைச் சொல்ல விடவில்லை என்று வீடு வந்துசேரும்வரை நான் சித்தப்பாவோடு கதைக்கவில்லை. அந்த அக்கா ஏமாந்துபோனார் என்று பரிதாபப்பட்டேன். நாள் முழுக்கக் கல்லாவில் நின்று வருகிற போகிற முகத்தையெல்லாம் பார்க்கிறவருக்கு, தன் கடைக்கு வருகிறவர் யார், வராதவர் யார் என்று தெரியாமலா இருந்திருக்கும்? அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்றுவரை எனக்கு நல்ல தமிழ் கிடைக்கவில்லை. ஊர்சுற்றி என்றால் அம்மாவின் குரல் கேட்கிறது. வண்ணத்துப்பூச்சி என்றால் அந்த வயிறுதான் நினைவுக்கு வருகிறது. வருகிற சனிக்கிழமை எனக்கு இரண்டு அழைப்புகள்: தெரிந்தவர் வீட்டுப் பெரிய கல்யாணம் ஒன்று. மற்றது வால்தம்ஸ்டோவில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் வீட்டில். "கட்டாயம் வருவீங்கள்தானே?" என்று அவர் இரண்டாம் தரமும் கேட்டார்.

நான் கல்யாணத்துக்குத்தான் முதலில் போகப்போகிறேன். காரின் பின்சீட்டில் கிடக்கும் குப்பையை எல்லாம் எடுத்துவிட்டு, மூன்று பேர் வசதியாக உட்காரும்படி.