சுட்டதா, சுட்டேனா

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும், பயம் வந்தாலும் தமிழ்தான் வரும். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் குப்பை கொட்டுகிறவள்தான் நான். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அதே ஆங்கிலம் என்னை வசமாக மாட்டிவிட்டது.

எங்கள் வீடு பாயின்ட் குக் என்ற புறநகரில். அன்று குப்பை வண்டி வரும் நாள். கணவர் தொட்டியை வெளியே தள்ளி வைத்துவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கராஜ் கதவை மூட மறந்துவிட்டார். அதைப் பற்றிப் பிற்பாடு அவரிடம் நான் பேசியதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு முன்னால் எனக்கென்று இரண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கராஜிலிருந்து சமையலறைக்கு வரும் கதவு திறந்தது. கட்டட வேலைக்காரர்கள் போடும் மஞ்சள் மேல்சட்டையில் ஓர் ஆள். கணவர்தான் யாரையோ வரச் சொல்லியிருக்கிறார் போல என்று ஒரு விநாடி நினைத்தேன். பிறகுதான் அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். கார் சாவி எங்கே என்றான். என் கார் சாவி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. அவனே சாவியை எடுக்க வந்தான். ஸ்க்ரூடிரைவரின் முனை என் கழுத்துக்கு நேரே வந்தது. தோசைக்கல்லின் கைப்பிடி என் கையில் இருந்தது. கல்லைத் தூக்கி அவன் முன்கையில் வைத்து அழுத்தினேன்.

அவன் போட்ட அலறலில் என் காது அடைத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் கராஜ் வழியாக ஓடி வாசலில் சுருண்டு விழுந்தான். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவசர எண்ணை அழைத்தேன். என்ன நடந்தது என்று ஒரு பெண் கேட்டாள். தலைக்குள் ஒரே சொல்தான் ஓடியது: சுட்டுட்டேன், சுட்டுட்டேன். வாய்க்கு வரும்போது அது ஆங்கிலமாகி வந்தது.

"ஐ ஷாட் ஹிம்."

பிறகென்ன, தெருவையே அடைத்துவிட்டார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வா என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். நைட்டியோடு, கையில் மாவோடு போய் நின்றேன். ஐந்தாறு துப்பாக்கிகள் என்னையே பார்த்தன. செத்தேன் என்றுதான் நினைத்தேன். வீடு முழுக்கத் துப்பாக்கியைத் தேடிவிட்டு, கடைசியில் தோசைக்கல்லை ஒரு காகிதப் பைக்குள் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். கல்லில் பாதித் தோசை ஒட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் என்மேல் வழக்குப் போடவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்த சில வாரங்களில் அவனுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. கை நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டதாம், நஷ்டஈடு வேண்டுமாம்.

"திருட வந்தவனுக்கு நாம குடுக்கணுமா? எந்த ஊரு நியாயம் இது?" என்று கணவர் குதித்தார். எனக்குக் குதிக்கத் தெம்பில்லை. கடிதத்தின் கடைசியில் இணைத்திருந்த மருத்துவ அறிக்கையை நான் படித்திருந்தேன். அதில் இரண்டு தீக்காயங்கள் இருந்தன. ஒன்று முன்கையில். இன்னொன்று முதுகில், தோள்பட்டைக்குக் கீழே. நான் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் தபால்காரர் நின்றால், அவர் போகும்வரை கதவைத் திறக்க மாட்டேன்.

நாங்கள் பிடித்த வக்கீல் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எங்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பொலிஸ் கேஸ் போடேல்ல எண்டா எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. இது சிவில், வேற பாதை. வீட்டுக்க வந்தவனைத் தடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. முதல் காயத்துக்குச் சட்டம் உங்கட பக்கம் நிக்கும். ஆனா ஆபத்து முடிஞ்சாப் பிறகு செய்ததுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சொல்லுங்கோ, முதுகில எப்பிடிக் காயம் வந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அவன் திரும்பும்போது கல்லு பட்டுச் சுட்டுருச்சு மேடம். இவ ஒண்ணும் பண்ணல."

சுட்டுருச்சு. எவ்வளவு வசதியான சொல்! கல் சுட்டது, முதுகு சுட்டது, நடுவில் ஆளே இல்லை. ஆங்கில வக்கீலாக இருந்திருந்தால் அது அப்படியே தாளில் ஏறியிருக்கும். இந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"சுட்டதோ, சுட்டனீங்களோ?"

கணவர் மேசைக்கடியில் என் முழங்காலைத் தொட்டார். ஒரு சொல்லில் வீடு போகலாம், வேலை போகலாம், பேர் போகலாம். ஆனாலும் அவன் திரும்பும்போது சொன்னது எனக்கு மட்டும்தானே கேட்டது?

"சுட்டேன்" என்றேன். "நான்தான் சுட்டேன். ஸ்க்ரூடிரைவர் கீழ விழுந்துருச்சு. அவன் கதவுப் பக்கம் திரும்பிட்டான். அப்புறமும் வச்சேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

அவர் எழுதத் தொடங்கினார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் தரப்புக் கடிதத்தில்கூட இல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. வலியில் அவனுக்கே மறந்துபோயிருக்கும்.

"திரும்பும்போது அவன் சாரின்னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். அதைக் கேட்டுட்டுத்தான் வச்சேன்."

கணவரின் கை என் முழங்காலிலிருந்து விலகியது. வக்கீல் புதுத் தாளொன்றைப் புரட்டினார். பிறகு, "ஓம், அதையும் போடுவம்" என்றார்.

சில மாதங்களில் அவன் தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஏனென்று எனக்குச் சரியாகத் தெரியாது. தோசைக்கல் அதே காகிதப் பையில் திரும்பி வந்தது. இப்போது கராஜ் கதவை நானே மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். அந்தப் பயமாவது கதவை மூடினால் அடங்குகிறது. ஆனால் இந்த ஊரில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சாரி சொல்கிறார்கள். நேற்றுகூடக் கடையில் ஒரு கிழவரின் தள்ளுவண்டி என்மேல் லேசாக இடித்தது. "சாரி" என்று சிரித்தார். என் வலது கை தானாக இறுகிக்கொண்டது.