இந்த ரோபோ எப்படி நிற்கும்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன். நான் படம் வரைந்து கொடுக்கும் சிறுவர் பத்திரிகையின் ஆசிரியர். வாயில் நுரையோடு 'அலோ' என்றேன்.

"சார், உங்க ரோபோ ஏன் இடுப்ப ஒடிச்சிக்கிட்டு நிக்குது?"

நுரையைத் துப்பினேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — நான் ராஜா ராணி வரைகிற ஆள். இருபது வருஷமாகக் கிரீடம், வாள், தூண், திரைச்சீலை. குடியிருப்பதோ சிதம்பரம். கோயிலுக்குப் போனால் திரும்பின பக்கமெல்லாம் ஆடுகிற சிலைகள். அதையே பார்த்துப் பார்த்து வரைந்த கை இது. இரும்பு மனிதனை நிறுத்தச் சொன்னாலும் ஒரு காலில் பாரம் கொடுத்து, இடுப்பை லேசாகச் சாய்த்துத்தான் நிறுத்துகிறது. அனுப்பும்போது எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தால்... சலங்கை கட்டாததுதான் குறை.

"நிக்கிற விதமே சரியில்ல சார். வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டுப் பக்கமும் மாத்தி அனுப்புங்க. இல்லேன்னா... இங்க கம்ப்யூட்டர்ல வரையறவர் ஒருத்தர் இருக்கார்."

அந்த 'இல்லேன்னா' இருக்கிறதே, அது வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ராஜா ராணிக் கதைகளை இப்போது யாரும் கேட்பதில்லை. இந்த ரோபோ தொடரும் கைவிட்டுப் போனால், எனக்கு வரைவதற்கு வேறு எதுவும் இல்லை. ஐம்பது வயதில், நாலே நாளில், மெஷின் வரையக் கற்றுக்கொள்ள முடியுமா? பயமாக இருந்தது. பயந்தால் எனக்குப் பசிக்கும். நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

செவ்வாய் முழுக்க வரைந்தேன். இடுப்பை நேராக்கினேன். இப்போது பீரோவுக்குக் கை கால் முளைத்த மாதிரி நின்றது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒரு போல்ட் போட்டேன். மெஷின் என்றால் போல்ட் இருக்கும், இல்லையா?

"அம்மை போட்டாப்ல இருக்கே" என்றாள் மனைவி. பிறகு அவளே வழியும் சொன்னாள். "செந்தில போயி பாருங்களேன். அவன் நாள் பூரா மெஷினோடதான குடித்தனம் பண்றான்."

செந்தில் அவளுடைய தம்பி. கடலூர் முதுநகரில், மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். கல்யாண வீடுகளில் பார்த்தால் "சாப்ட்டீங்களா மாமா" என்பான். "ஆச்சு மச்சான்" என்பேன். பதினைந்து வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பஸ் பிடித்தேன். ஃபேக்டரி வாசலிலேயே அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே ஐஸ் பாளங்களை நொறுக்குகிற க்ரஷர் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. என்னைப் பார்த்ததும் செந்தில் ஓடி வந்தான்.

"இன்னா மாமா, அக்காவுக்கு எதுனா...?"

"இல்ல மச்சான். ரோபோவுக்கு" என்றேன்.

ஒர்க் ஷாப் பெஞ்சில் படங்களைப் பரப்பினேன். கிரீஸ் பட்டுவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முட்டியில போல்ட் போட்டிருக்கீங்களே மாமா, இத எப்படிக் கழட்டுவீங்க? ஸ்பேனர் போவ எடமே இல்லியே."

"கழட்டணுமா?"

"ரிப்பேர் ஆச்சுன்னா?"

என் ரோபோ ரிப்பேர் ஆகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்த ஓஸ் பைப்ப ஏன் இவ்ளோ டைட்டா வுட்டிருக்கீங்க? கைய நீட்னா பிச்சிக்கும். கொஞ்சம் தொங்கலா வுடுங்க."

பிறகு ரிப்பேருக்கு வந்திருந்த தண்ணீர் பம்ப் ஒன்றைக் கழற்றினான். மூடி, பேரிங், ஷாஃப்ட்... கழற்றிய வரிசையிலேயே கோணிமேல் வைத்துக்கொண்டே போனான். "வரையறப்ப அந்தக் கடைசிலேர்ந்து வாங்க மாமா. ஷாஃப்ட்ட மொதல்ல போடுங்க. மூடிய கடைசியா மூடுங்க" என்றான். நானோ இத்தனை நாளும் மூடியை மட்டுமே வரைந்துகொண்டிருந்தவன்.

மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன். முட்டிக்கு ஒரு பின், அதைப் பிடிக்க இரண்டு பக்கமும் தகடு, ஸ்பேனர் நுழைய இடைவெளி. அழித்து அழித்துப் போட்டதில் சாயங்காலத்துக்குள் ஒரு கால் மடங்கியது. பேப்பரில்தான்... ஆனால் மடங்கியது! சந்தோஷத்தில் செந்திலின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

கிளம்பும்போது அவன் கேட்டான்.

"எல்லாம் சரி மாமா. இது எப்படி நிக்கும்?"

மறுபடியும் அதே பல்லவியா? எரிச்சலாக வந்தது. "ரெண்டு காலையும் ஊணி நேராத்தான நிக்குது மச்சான்!"

"அத சொல்லல மாமா. ஓடிக்கிட்டிருக்கிறத எப்படி நிறுத்துவீங்க? எந்த மெஷினா இருந்தாலும் பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கை எட்றாப்ல ஒரு செவப்பு பட்டன் இருக்கணும். அது இல்லாட்டி மெஷினே கெடையாது."

பென்சிலை வாங்கி, ரோபோவின் விலாவில் அவனே ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தான்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். படம் போடுகிறவனுக்கு, அது எப்படி நிற்கிறது என்பது கவலை. பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு, அது எப்படி நிற்கும் என்பது கவலை. ஒரே சொல்தான். இருபது வருஷத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வியாழன் முழுக்க உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை கீழ வீதி ப்ரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன். வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன்.

"பிரமாதம் சார்! நெஜ மெஷின் மாதிரியே இருக்கு. தொடர் உங்களுக்குத்தான்."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்தச் செவப்பு பட்டன். ஊரையே அழிக்க வர்ற ரோபோ! பட்டன அமுக்கினா நின்னுடும்னா, கதை மொதப் பக்கத்துலயே முடிஞ்சிடுமே? அத எடுத்துடுங்க."

நியாயமான பேச்சு. ஆனால் செந்தில் போட்ட வட்டத்தை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டுக்கொண்டு செய்யலாம் என்று அவனுக்குப் போன் போட்டேன். பின்னணியில் க்ரஷர் சத்தம்.

"இதுக்கா மாமா யோசிக்கிறீங்க? பட்டன் இருந்துட்டுப் போவட்டும். அமுக்கினா வேலை செய்யாதுன்னு கதையில எழுதச் சொல்லுங்க."

"வேலை செய்யாத பட்டன எவனாவது வெச்சிருப்பானா மச்சான்?"

"ஏன், இந்தா ஓடுதே எங்க க்ரஷரு... இதுல அப்படித்தான இருக்கு. நாங்களும் ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியருக்கு இந்த யோசனை ரொம்பவே பிடித்துவிட்டது. "படிக்கும்போதே திக்குன்னு இருக்கும் சார்!" என்றார்.

நாலு வாரமாக, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குத் தினமும் செந்திலுக்குப் போன் செய்கிறேன். "இன்னா மாமா, ரோபோவுல எதுனா டவுட்டா?" என்கிறான்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.