காலிப் பட்டியல்

பொய் சொல்லும் நிரல் ஒன்றை நான் எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அந்தப் பொய்யால் ஓர் உயிர் போயிற்று.

இணையத்தில் ஒரு சர்வரிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கி வரும் ‘நூலகம்’ அது; மற்றவர்கள் தங்கள் செயலியில் அப்படியே சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு. எச்டிடிபி கிளையன்ட் என்பார்கள். ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதினேன். அந்த மொழி கறாரானது! பதில் வராமலும் போகலாம் என்றால், அதை மறைக்காமல் சொல் என்று கழுத்தைப் பிடிக்கும். சொன்னால், பயன்படுத்துகிறவர்களுக்கு நான்கு வரி கூடும். என் நூலகமோ ஒரே வரியில் வேலையை முடிக்கிறது என்று பெயர் வாங்கியிருந்தது... அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, பதில் வராதபோதெல்லாம் காலிப் பட்டியலைக் கொடுக்கும்படி எழுதிவிட்டேன். ‘தெரியவில்லை’ என்பதை ‘யாரும் இல்லை’ என்று ஆக்கிவிட்டேன். புரிகிறதா உங்களுக்கு?

ஸ்டீபன் என் கல்லூரித் தோழன். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் செயலியை, என் நூலகத்தை நம்பிக் கட்டினான்.

“சர்வர் படுத்துடுச்சுன்னா என்ன மச்சான் வரும்?” என்று அப்போதே கேட்டான்.

“அதெல்லாம் லைப்ரரி பாத்துக்கும்டா” என்றேன். பார்த்துக்கொண்டது!

ஒருநாள் காலை அவன் தங்கை மெர்சியை மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி இடித்தது. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஸ்டீபன் செயலியில் தேடிக்கொண்டே இருந்தான். ‘யாரும் இல்லை’ என்றே வந்தது. கடைசியில் நகரத்து ரத்த வங்கிக்கு ஓடினான். ரத்தத்தோடு திரும்பியபோது மெர்சி இல்லை.

மறுநாள் சர்வரின் பதிவுகளை நான் பார்த்தேன். அன்று காலை முழுக்க சர்வர் படுத்திருந்தது. பட்டியலில் ஓ நெகட்டிவ் ஏழு பேர் இருந்தார்கள். முதல் பெயர் ராஜகீழ்ப்பாக்கத்து டீச்சர் ஒருவர்... ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? பிழையைத் திருத்தி, ‘சிறு மாற்றம்’ என்று குறிப்பெழுதி வெளியிட்டேன். ஸ்டீபனிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவன் சர்ச் வாசலில் ரத்தம் கொடுக்க ஆள் சேர்க்கிறான். “அன்னிக்கு ஒருத்தர்கூட இல்லக்கா... உங்க பேரைக் குடுங்க” என்று கெஞ்சுகிறான். முன்பே இப்படி அலைந்து ஆள் சேர்த்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாளாம் என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். நான் பக்கத்தில் நின்று பெயர்களை எழுதுகிறேன். நானெல்லாம் மனிதனா?

போன ஞாயிறு அந்த டீச்சரே வந்தார்.

“நான் ரெண்டு வருஷமா லிஸ்ட்ல இருக்கேனே தம்பி?” என்றார் என்னிடம்.

“பரவால்ல மேடம், இன்னொரு தடவை எழுதிக்கிறேன்.”

நாலடி தள்ளி நின்ற ஸ்டீபன் திரும்பினான். “என்ன மச்சான் சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லடா” என்றேன்.