கூடமாட

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எரிந்துபோன ஒரு மோட்டாரிலிருந்து பழைய காயிலை உருவியது. ஒரு பக்கத்துக் கம்பிகளை அம்மா உளியால் வெட்டிவிட்டாள். மறுபக்கம் நான் குறடு போட்டு இழுத்தேன். வரவில்லை.

"இன்ஜினியரம்மா, இழுக்கிறியா, தடவிக் கொடுக்கிறியா?"

"வார்னிஷ் இறுகியிருக்கும்மா. இன்னும் சூடு காட்டணும்."

"இதுக்குத்தான் படிக்க வெச்சேனா? நகரு."

சூடு காட்டித் தானே இழுத்தாள். வந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு மாரடைப்பு.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சித்தப்பா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "பாவம், அண்ணனுக்குக் கூடமாட உதவியா இருந்தாங்க." நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அழுவதற்கு அல்ல. அங்கேயே இருந்தால் எதையாவது எடுத்து எறிந்திருப்பேன்.

அப்பாவுக்கு மோட்டாரில் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் பார்த்தார், பொறுமை கிடையாது. கடை அம்மாவின் அப்பாவுடையது. அவர் தொழிலை மகளுக்குக் கொடுத்தார், கடையை மருமகனுக்குக் கொடுத்தார்.

கடையின் நடுவே ஒரு திரை. முன்னால் அப்பா, நாற்காலி, மின்விசிறி. பின்னால் அம்மா, சூடு, வார்னிஷ் நெடி. பெண் கட்டிய காயில் தாங்காது என்று சொல்வார்களாம், அதனால் திரை. "எப்ப கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் அப்பா மோட்டாரின் மேல் கை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே அம்மா திரை இடுக்கில் பார்த்து மரச்சுத்தியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நாளைக்கு. இரண்டு என்றால் நாளை மறுநாள். சத்தமே இல்லையென்றால் மோட்டார் தேறாது. அப்பா கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார். தொட்டாலே நோய் தெரியும் என்று ஊர் மெச்சியது. 'கைராசி மாஸ்டர்' என்று பட்டம். அம்மாவுக்கு ஒரு பட்டமும் இல்லை.

சில வருஷம் முன்னால் அப்பா இறந்த பிறகு, முதல் ஆளாக மாவு மில்காரர் மோட்டாரோடு வந்தார். ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துவிட்டு, "உள்ள யாருங்க? எப்ப கிடைக்கும்?" என்றார். அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். அவர் விழித்தார். பிறகுதான் திரையை விலக்கி வெளியே வந்தாள்.

"நாளை மறுநாள்."

"யாரு கட்டுவா?"

"நான்தான். உங்க மில்லு மோட்டார் எல்லாமே நான் கட்டினதுதான்."

"விளையாடாதீங்கம்மா. மாஸ்டர் இருந்த கடை இது."

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்க அம்மா ஈ ஓட்டினாள். சித்தப்பா யோசனையோடு வந்தார்.

"என் மருமகனை முன்னாடி உட்கார வைக்கலாம் அண்ணி. அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா ஆம்பளை முகம் ஒண்ணு வேணுமில்ல?"

"ஒரு மண்ணும் தெரியாத ஆம்பளையோட காலம் பூரா ஓட்டியாச்சு தம்பி. இன்னொண்ணு தாங்காது."

அன்றைக்கே திரையைக் கிழித்து எண்ணெய் துடைக்கும் துணியாக்கினாள். மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, தெரு பார்க்கக் காயில் கட்டினாள். முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பிறகு ஒரு தையல்காரி தன் மெஷின் மோட்டாரைக் கொண்டுவந்தாள். "எங்க கடையிலயும் தைக்கிறது நான், டைலர்னு பேரு அவருக்கு" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடைசியில் மில்காரரும் வந்தார். அம்மா நிமிரவில்லை. "வரிசையில வைங்க."

போன வாரம் கடைப் பலகையைக் கழற்றினாள். அதில் அப்பாவின் பெயர் மட்டும்தான். தானே சுமந்துபோய்ப் பெயிண்டரிடம் கொடுத்து, வெள்ளை அடித்து வைக்கச் சொன்னாள். காய்ந்ததும் வந்து என்ன எழுதுவது என்று சொல்கிறேன் என்றாள்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்ததும் சித்தப்பா என்னிடம் வந்தார்.

"பலகை பெயிண்டர்கிட்ட இருக்காமே. அண்ணன் பேரையே எழுதச் சொல்லிடறேன். ராசியான பேரு."

"யாரு கட்டின காயில் சித்தப்பா ஓடிச்சு?"

"கோபத்துல பேசாத. அவங்க கூடமாட..."

"கூடமாட இருந்தது அப்பா. பெயிண்டர் கடைப் பக்கம் உங்களைப் பார்த்தேன், வார்னிஷ் டின்னைத் தலையில கவுத்துடுவேன்."

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?" என்றாள் சித்தி. ஆமாம், இதுதான் பேச்சு. இவ்வளவு தாமதமாகப் பேசுகிறோம் என்பதுதான் எரிகிறது.

இன்று பெயிண்டரிடம் போனேன். பலகை சுவரில் சாய்ந்திருந்தது. வெள்ளை காய்ந்துவிட்டது.

"அம்மா வந்து சொல்றேன்னாங்க" என்றார். "உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

என்னிடமும் சொல்லவில்லை.