வலி இடம் மாறியபோது

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை உயிரியல் நடத்தினேன். செரிமான மண்டலப் பாடம் எனக்குக் கைவந்தது. உணவுக்குழாயில் வைத்த சாக்பீஸை எடுக்காமல் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று ஒரே இழுப்பில் வரைந்து முடிப்பேன். பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்கம் கீழே, புழுவைப் போல் தொங்கும் குடல்வாலைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். மறந்தால் அரை மதிப்பெண் குறைப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அந்தப் படங்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து வயிறு வலிக்கிறது என்றாள். கை தொப்புள்மேல் இருந்தது. அது குடல், இரைப்பை இன்னும் மேலே இடது பக்கம் இருக்கிறது என்று அவளைத் திருத்தினேன். ஓமத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

மறுநாள் அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, இப்ப இங்க வலிக்குது."

"நேத்து நடுவுலன்னே, இன்னிக்கு ஓரத்துலங்கிறே. வலி என்ன, பஸ் ஏறிப் போகுதா?"

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா குடும்பம் சாப்பிட வருவதாக இருந்தது. சமைக்கப் பயந்து சாக்கு சொல்கிறாள் என்று நினைத்தேன். தொப்புளருகே தொடங்கி வலது பக்கம் இறங்கும் வலி எதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் கட்டிலைவிட்டு எழ முடியாமல் காய்ச்சலில் கிடந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குடல்வால் வெடித்திருக்கும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். எப்போதிருந்து வலி என்று என்னைக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலதான் சொன்னா, டாக்டர்."

அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்ல சொல்லாம மறைச்சு வெச்சா எப்படி?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தப்புதான் டாக்டர்" என்றாள்.

பிழைத்துக்கொண்டாள். தேறி வர ரொம்ப நாளாயிற்று. அதற்குப் பிறகு தலைவலியைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. எதுவானாலும் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம்தான் சொல்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாலை, அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு டாக்டரிடம் நான் சொன்னது பொய், பழியை உன்மேல் போட்டுவிட்டேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்கு வலிச்சது வயித்துல. காது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள்.

மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா வாசல் கேட் அருகே நின்று என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டம்மாவுக்குக் காலையிலிருந்து ஹொட்டெ நோவு என்றார். கன்னடத்திலும் மேல் கீழ் எல்லாம் சேர்த்து வயிற்றுக்கு ஒரே சொல்தான். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.